சிங்காரம் பார்த்த பொம்மைப் படம்

ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வீடுகளில், இரண்டாம் லைனில் கடைசி வீடு சிங்காரத்துடையது. வயது ஐம்பத்து மூன்று. தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்து நிமிர்ந்தபோது தலை நரைத்துவிட்டது. அதன்பிறகு அவருக்குப் பெண் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் ஒற்றை ஆள்.

வேலை, கொழுந்து வெட்டும் மெஷினில். தேயிலைச் செடி நிரைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் ஒரு நேப்பாளி, நடுவில் இருவரும் பிடித்த மெஷின். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நடக்க வேண்டும், ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சத்தம் இருக்காது. பேச ஆளும் இருக்காது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து மண்டபத்தில் படம் போட்டார்கள். கோலாலம்பூரில் வேலை செய்யும் ரூபினி, நம் லைன் பிள்ளைதான், கொண்டு வந்தாள். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படம், பெரியவர்களுக்கானது என்று கோயில் செயலாளர் மாடசாமியிடம் சொல்லியிருந்தாள். பொம்மை என்றதும் அவர் மீதியைக் கேட்கவில்லை. பிள்ளைகளை எல்லாம் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

படத்தில் வந்தது வழுக்கையும் தொப்பையுமாக ஒரு பொம்மை ஆள். வேலை விட்டு வருகிறான், முட்டை பொரிக்கிறான், டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்கிறான். பிள்ளைகள் நெளிந்தார்கள்.

"எப்பம்மா சண்ட போடும்?"

"நம்ம சிங்காரண்ணன அப்படியே புடிச்சு வச்சிருக்கான் லா," என்றாள் பின்னால் ஒருத்தி. மண்டபமே சிரித்தது. சிங்காரமும் சிரித்து வைத்தார்.

பிறகு ஒரு பொம்பளைப் பொம்மை வந்தது. இரண்டும் பேசின, கட்டில் வரைக்கும் போய்விட்டன. தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். மாடசாமி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"என்னாம்மா இது? சின்னப் பிள்ளைங்க இருக்கு லா."

"பெரியவங்க படம்னு சொன்னேனே, மாமா."

எல்லோரும் எழுந்தார்கள். சிங்காரம் எழவில்லை.

"போடும்மா. மீதியப் பாக்கணும்."

"உனக்கு எதுக்குடா இந்தப் படம்? பாத்துட்டு யாருகிட்ட போகப் போற?" என்றார் மாடசாமி. மறுபடியும் சிரிப்பு.

அப்போது தானும் சிரித்துவிட்டு எழுந்திருந்தால் விளையாட்டாகப் போயிருக்கும். உட்கார்ந்திருந்தால், இவருக்கு என்ன குறை என்று விடிவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். முப்பது வருசமாக யாரிடமும் காட்டாத குறை. சிங்காரம் உட்கார்ந்தே இருந்தார்.

"நான் தனியாத்தான இருக்கேன், மாடசாமி. அந்தாளு என்னா செய்யிறான்னு எனக்குத் தெரியணும்."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் வீட்டுக்குப் போனார்கள். மாடசாமியும் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார். ரூபினி மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

படத்தில், காலையில் அந்தப் பொம்பளை பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அவன் பழையபடி வேலைக்குப் போகிறான். கடைசியில் போனை எடுக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். படம் முடிந்தது.

"அவ்ளோதானா?" சிங்காரத்துக்குக் கோபமே வந்தது. "பேசினானா இல்லியா? மொட்டையா விட்டுட்டான்."

"அவ்ளோதான், மாமா."

பின்னால் நாற்காலி இழுபட்டது. தலையெல்லாம் நனைந்து மாடசாமி உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"மண்டபத்தப் பூட்டலாம்னு வந்தேன்," என்றார்.

"பூட்டு."

மாடசாமி எழவில்லை. "வீட்ல ஆளுக்கொரு போன வச்சிக்கிட்டு உக்காந்திருக்குங்க. நான் வெளிய வந்தது ஒன்னுக்கும் தெரியாது." படம் ஓடிய வெள்ளைத் துணியைக் கையால் காட்டினார். "நடுவுல என்னாடா ஆச்சு? அந்தப் பொம்பள ஏன் போனா?"

சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவு நீளமாக ஒருவரிடம் பேசிப் பல வருசம் ஆகியிருந்தது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னார், இடையில் மறந்தார். படத்தில் இல்லாததையும் இரண்டொன்று சேர்த்துக்கொண்டார். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ரூபினிக்கு அது தெரிந்தது. அவள் திருத்தவில்லை.