வழிமொழிந்தவர்

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சந்தை. பொழுது சாயும் நேரத்தில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த இடுப்பளவுச் சுவருக்கு மேலாக ஒரு கைப்பிடிக் கறிவேப்பிலை வந்து என் துவைகல்லில் விழும். கூடவே குரலும் வரும்.

"ஏ புள்ள, எடுத்து வெய்யி. வாடிப் போயிறப் போவுது."

விற்று மிஞ்சியதை அவள் ஒருநாளும் போட்டதில்லை. விற்க உட்காருவதற்கு முன்பே நல்ல கொழுந்தாகப் பார்த்து எனக்கென்று தனியே எடுத்து வைத்துவிடுவாள். அந்தக் குரலை நான் கேட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கே தொலைத்தாய் என்று கேட்டால் நகராட்சிக் கூட்டத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இரண்டு வயது பெரியவள். புருஷன் போனபிறகு ஒரே மகளை வளர்த்துப் போத்தனூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் காரமடைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்க் கறிவேப்பிலை கட்டி எடுத்து வருவாள். மற்ற நாளில் தெருத்தெருவாக விற்பாள், செவ்வாய்க்கிழமை சந்தையில் சாக்கு விரிப்பாள். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் ஓயாது, என் மிஷின் ஓயாது. சுவரின் இரண்டு பக்கமும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதுவரை பல வருஷமாகத் தேர்தலே இல்லாமல் தனி அதிகாரி ஒருவர் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்த நகராட்சி அது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பெண்களைத் தேட ஆரம்பித்தார்கள். "எட்டாவது வரைக்கும் படிச்சவ நீ. கணக்கு வழக்கு தெரிஞ்சவ. நில்லு புள்ள, நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். சுயேச்சை, தையல் மிஷின் சின்னம். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு ஒரு ஓட்டு என்கிற மாதிரி வாசல் வாசலாக நின்று பேசினாள். நான் ஜெயித்தேன். உண்மையில் ஜெயித்தது அவள்தான். எனக்கு அரசியலும் தெரியாது, மைக்கில் பேசவும் வராது.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் முன்னதாக ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். உள்ளே அன்றைக்குப் பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கும். ரோடு டெண்டர், ட்யூப்லைட், சாக்கடை, வீட்டு வரிப் பெயர் மாற்றம் என்று நாற்பது ஐம்பது இருக்கும். படித்து முடிப்பதற்குள் கை முழுக்க மை ஒட்டிவிடும். கூட்டத்தில் எழுத்தர் எழுந்து எண்ணை மட்டும் வாசிப்பார். யாராவது ஒருவர் "பாஸ்" என்பார். சில சமயம் பத்து எண்ணைச் சேர்த்து வாசித்து "ஆல் பாஸ்" என்று முடித்துவிடுவார்கள். பேச்செல்லாம் அதற்கு முன்பே சேர்மன் ரூமில் டீயும் போண்டாவுமாக முடிந்திருக்கும். அந்த ரூமுக்குள் இருபத்தோரு மெம்பரில் பெண்களான நாங்கள் ஏழு பேரும் போனதில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

சேர்மன் மரியாதையான மனுஷர். தோட்டமும் ஒரு சின்ன ஸ்பின்னிங் மில்லும் வைத்திருந்தார். சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். பன்னிரண்டு மணி தாண்டினால் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அம்மணிங்கெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க. ஊட்டுல வேல கெடக்கும். மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்பார். எழுத்தர் வருகைப் பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் மேஜைக்கே வருவார். கையெழுத்துப் போட்டால் கடைசிப் பொருள்வரை நாங்கள் அங்கே இருந்ததாகக் கணக்கு. அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. சோறு வடிக்க நேரமாகிறது என்று நினைத்துச் சொல்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷர் என்று நாங்கள் பேசிக்கொண்டே படியிறங்குவோம். அப்படி ஒரு விவரம் தெரியாத மாக்கான் கூட்டம் நாங்கள்.

பதவிக்கு வந்து இரண்டாவது வருஷம் மார்ச் மாதக் கவரில் முப்பத்தோராவது பொருள் சந்தையைப் பற்றியது. வருஷா வருஷம் சந்தையில் சுங்கம் வசூல் பண்ணுகிற உரிமையை ஏலம் விடுவார்கள். அதற்கு முன்னால் எதற்கு எவ்வளவு வாங்கலாம் என்று கவுன்சில் முடிவு பண்ண வேண்டும். வண்டிக்கு, மூட்டைக்கு, ஆட்டுக்குட்டிக்கு என்று நீண்ட பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது. தலைச்சுமை. அதுவரை தலையில் சுமந்து வருபவர்களுக்குச் சுங்கம் கிடையாது.

சுவரோரம் நின்று அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பஸ் சார்ஜ் போக, தோட்டக்காரருக்குக் கொடுத்தது போக, அவள் கையில் நிற்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சந்தை நாள்தான் அவளுக்கு வாரம் முழுக்கச் சோறு.

"இது மட்டும் வராம பாத்துக்க புள்ள. வேற ஒண்ணும் நான் உங்கிட்டக் கேக்கல."

"நான் இருக்கறேன்ல" என்றேன்.

கூட்டத்தன்று பேச வேண்டியதை ஜாக்கெட் அளவுச் சீட்டின் பின்பக்கம் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். ட்யூப்லைட் வாங்கியதில் இரண்டு மெம்பர்களுக்குச் சண்டை வந்து பன்னிரண்டாவது பொருளிலேயே மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். அதே வார்த்தையைச் சொன்னார். மற்ற ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஏனுங்க, அந்தச் சந்தை விசயம்..." என்று இழுத்தேன்.

"அதுங்களா? அதெல்லாம் பாத்துக்கலாமுங்க. உங்க வார்டு விசயத்த உங்களுக்கு வேண்டியபடி செய்யாம உட்டுருவமுங்களா?"

அதற்குமேல் உட்கார்ந்திருந்தால், உங்கள் பேச்சை நான் நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். எங்கள் பக்கத்தில் அதை எதிரியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டவரிடம் எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டேன். "போயிட்டு வாரனுங்க" என்றேன். வழியெல்லாம் நல்லபடியாக முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய் உலை வைத்தேன்.

ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை சந்தை வாசலில் புதுப் போர்டு நின்றது. கடைசி வரியில் தலைச்சுமையும் இருந்தது. ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள் ரசீதுப் புத்தகத்தோடு அவள் சாக்கின் முன்னால் வந்து நின்றிருக்கிறான். "எங்க மெம்பரம்மா இருக்கறாங்க, அவங்களக் கேட்டுட்டு வா" என்று இவள் சத்தம் போட்டிருக்கிறாள். அவன் மரியாதையாகவே தீர்மான நகலை எடுத்து, பக்கத்துக் கடைக்காரரை விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறான். வழிமொழிந்தவர் என்று போட்டு, அதற்கு நேராக என் பெயர் இருந்தது.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தும் துவைகல்லில் எதுவும் விழவில்லை. விஷயம் தெரியாமல், பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் குழாயடிக்குக் குடத்தோடு போனேன். அவள் தன் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"வாங்க மெம்பர். நீங்க மொதல்ல புடிச்சுக்குங்க."

அவள் முகத்தில் கோபம் இல்லை. என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். குழாயடியில் இருந்த வேறொருத்திதான் சந்தையில் நடந்ததைச் சொன்னாள்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். எழுத்தர் எழுந்து நாற்காலி போட்டார். எதற்காக என் பெயரைப் போட்டீர்கள் என்று கத்தினேன். அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "சந்தை உங்க வார்டுலதானுங்க இருக்குது. வேற வார்டு மெம்பர் பேரப் போட்டா உங்களுக்கு மரியாதக் குறைவா இருக்குமேன்னு சேர்மன்தான் சொன்னாருங்க. கையெழுத்தும் இருக்குதுங்களே." பதிவேட்டைத் திறந்து காட்டினார். இருந்தது. நானே போட்டது.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன், எனக்குத் தெரியாது என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "செரிங்க" என்பாள். திட்டியிருக்கலாம். அவள் வாயில் விழாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி என்னைக் கிழித்திருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன், அடுத்த செவ்வாய்க்கிழமை கறிவேப்பிலை வந்திருக்கும். அவள் என்னைத் திட்டுகிற உரிமையை விட்டுவிட்டாள். ஐப்பசி மாதம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். போகும்போது வாசலுக்கு வந்து, "போயிட்டு வாரனுங்க மெம்பர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மார்ச்சில் மறுபடியும் சந்தைப் பொருள் வந்தது. முந்தின நாளே ஆறு பேர் வீட்டுக்கும் நடந்தேன். நாளைக்கு யாரும் எழுந்திருக்கக் கூடாது, சோறு ஒருநாள் ஆறினால் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார், சொன்னார். எழுத்தர் பதிவேட்டை ஏந்திக்கொண்டு வந்தார். "கடைசில போடறமுங்க" என்றேன். ஏழு பேரும் அசையவில்லை. சந்தைப் பொருள் வந்தபோது எழுந்து நின்று பேசினேன். மைக் கரகரத்தது, ஆனாலும் பேசினேன். பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், அவரும் மெம்பர்தான், "அம்மணி சொல்றது நாயந்தானுங்க. தலைல வர்றவங்க எடத்தையா அடைக்கறாங்க?" என்றார். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தலைச்சுமைக்குச் சுங்கம் ரத்து. முன்மொழிந்தவர் என்று என் பெயர்.

தீர்மான நகலை வாங்கிக்கொண்டு அந்த வாரமே போத்தனூர் பஸ் ஏறினேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சின்ன வீடு. அவள் இளைத்திருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். தான் கீழே உட்கார்ந்தாள். நானும் கீழேயே உட்காருகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. நகலை முழுதாக வாசித்துக் காட்டினேன், முன்மொழிந்தவர் பெயர்வரை. கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்ல காரியம் செஞ்சிருக்கறீங்க. இனி வர்றவங்களுக்கு ஆகும்" என்றாள். டீ கொடுத்தாள். மறுபடி சந்தைக்கு வரலாமே என்றேன். கழுத்து வலி, சுமக்க முடிவதில்லை என்றாள். ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை இருவரும் காத்திருந்தோம்.

அவள்தான் முதலில் எழுந்தாள். "நேரமாச்சுங்க மெம்பர். கெளம்புங்க. ஊட்டுல வேல கெடக்கும்."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து போய்ப் பழகிய உடம்பு இது. நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கவுன்சில் ஹாலில் ஒருநாள் உட்கார்ந்து காட்டியவள், அந்த வீட்டிலும் உட்கார்ந்திருக்கலாம். அவள் என்னைத் திட்டுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கலாம்.