மாமாவுக்குச் சட்டை பிடித்தது

எங்கள் வீட்டில் ஐந்து வாஷிங் மெஷின்கள் இருந்தன. அம்மா கல்லில்தான் துவைத்தாள்.

இந்த அநியாயத்தை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். ஆமத்தூர்ப் பக்கம், பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில், அதுவும் குழாயில் என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் எட்டிப் பார்க்கிற தெருவில் ஐந்து மெஷினா என்று கேட்கிறார்கள். இருந்தது ஐயா, இருந்தது. எல்லாம் மேலே மூடியைத் திறந்து துணி போடுகிற பழைய காலத்து மெஷின்கள். ஒன்றுக்கு மூடி கிடையாது. ஒன்றின் கால்களைத் துரு தின்றிருந்தது. இன்னொன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. டி.வி. விளம்பரத்தில் பளபளவென்று ஒரு பெண் மெஷின் மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாளில், பணக்காரர்கள் பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கினார்கள். கழித்ததெல்லாம் விருதுநகர், சாத்தூர்ப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அப்பா லோடு லாரியில் வடக்கே போனால் திரும்பிவர நாளாகும் என்பதால் வீட்டில் ஆம்பளை என்றால் அவர்தான். முன்பு அவரும் பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டால் அம்மா எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"ஒம் மாமனுக்குச் சட்டை பிடிச்சிருச்சு. அதோட வேலைய விட்டுட்டான்."

நான் அதை அப்படியே நம்பினேன். யாரோ ஒரு சட்டையைக் காட்டியிருக்கிறார்கள், மாமாவுக்கு அது பிடித்துப்போயிருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு மினுக்குவதற்காக வேலையை உதறிவிட்டார். ஆதாரமும் கண்ணெதிரே இருந்தது. சித்திரை வெயிலில் நாய்கூட நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும்போது மாமா முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பட்டனையும் மாட்டிக்கொண்டு கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். அம்மா வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க, இவர் சட்டை கசங்காமல் உட்கார்ந்து துருப்பிடித்த டப்பாவைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்குப் பூச்சட்டியில், அதாவது புஸ்வாணத்தில், மருந்து செலுத்துகிற வேலை. எங்கள் ஊரில் மருந்து என்றால் அது ஒன்றுதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை, ஆஸ்பத்திரியில் போடுவது ஊசி. மருந்து என்பது பட்டாசுக்குள் போவது. சாயங்காலம் கம்பெனி வேனில் இருந்து அம்மா இறங்கும்போது கை, மூக்கு, கண் இமை எல்லாம் வெள்ளியாக மின்னும். கம்பெனியில் குளிக்க இடம் கிடையாது. கைகழுவப் போனாலே வேன்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்குவான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்ப்பேன். அம்மா கையை நீட்டித் தடுத்துவிடுவாள்.

"தொடாத. தள்ளிப் போ."

நேராகக் கொல்லைக்குப் போய்க் குளித்து, அந்தச் சேலையைத் தனித் தண்ணீரில், தனிக் கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் நான் அவளுக்கு மகளாவேன். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களும் வேலைக்குத்தான் போனார்கள். சிலர் வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். என் அம்மாவுக்கு மட்டும் என்ன இவ்வளவு கெத்து என்று நினைப்பேன். சோடா உப்பும் சோப்பும் தின்றதில் அவள் உள்ளங்கை வெடித்திருக்கும். வெடிப்புக்குள் வெள்ளிக் கோடு ஓடும். அது எத்தனை தேய்த்தாலும் போகாது.

ஆறாவது மெஷின் விருதுநகரிலிருந்து வந்தது. பருப்பு வியாபாரம் செய்கிற ஒரு பாய் வீட்டில் இருந்து ஆள்விட்டுச் சொன்னார்கள். மாமா என்னையும் லோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டம்மா எங்களுக்கு நன்னாரி சர்பத் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"எங்க வாப்பா சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல அனுப்புனது தம்பி. இரும்புக் கடையில போட மனசு வரல. நீங்க ஓட வச்சிருவீகன்னு சொன்னாக."

அப்படி ஒரு மெஷினை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று உருண்டையான உடம்பு. உள்ளே நடுவில் சிறகு வைத்த ஒரு தூண். மேலே ஒரு பக்கம், துணியைக் கொடுத்துப் பிழிந்தெடுக்க இரண்டு ரப்பர் உருளைகள், அதைச் சுற்றக் கைப்பிடி. மாமா கோயில் கதவைத் திறப்பதுபோல மூடியைத் தூக்கிக் குனிந்தார்.

"பாத்துத் தம்பி, உள்ள மருந்து போட்டு வச்சிருக்கேன்" என்றார்கள் அந்த அம்மா.

மாமா பின்னால் பாய்ந்த பாய்ச்சலில் சர்பத் டம்ளர் உருண்டது. என் கையைப் பிடித்து வாசல் வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா பதறிப்போய், "கரப்பான்பூச்சி மருந்துப்பா! கரப்பானுக்கு!" என்று கூவினார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. எனக்கு வலிக்கிறது என்று சொன்ன பிறகுதான் என் கையை விட்டார்.

இரண்டு கரப்பான் உருண்டைக்குப் பயந்து ஓடிய வீரர் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தெருவும் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பேசாம சோத்தத் தின்னு" என்றாள். தம்பியைச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

மாமா அந்த மெஷினோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். மோட்டாருக்குச் சாத்தூரில் காயில் கம்பி சுற்றி வாங்கினார். பெல்ட்டுக்காக மதுரைக்கு அலைந்தார். உருளையின் ரப்பர் வெடித்திருந்தது. சிவகாசியில் அச்சடிக்கிற பிரஸ்ஸுக்கு ரப்பர் உருளை செய்து கொடுப்பவரிடம் கொண்டுபோய், காலண்டர் அடிக்கிற உருளைக்குப் போடுகிற அதே ரப்பரைப் போட்டு வாங்கிவந்தார். லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர் வந்து உடம்புக்கு வெள்ளையும் மூடிக்கு நீலமும் அடித்துக் கொடுத்தார். துருவை எடுக்க ஆசிட் ஊற்றும்போது மட்டும் என்னைக் கிட்டே விடமாட்டார்.

"இது யாருக்கு மாமா?"

"ஒங்கம்மாவுக்குத்தான். வேற யாருக்கு? இனிமே அக்கா போர்வை தூக்கி அடிக்க வேணாம்."

அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய சட்டைப் பைத்தியத்தைக்கூட மன்னித்தேன். எங்கள் அம்மா இனிமேல் கையால் துவைக்க மாட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அந்த உள்ளங்கை வெடிப்பு ஆறிவிடும், சேலையை மெஷினில் போட்டுவிட்டு அம்மா நேராக என்னிடம் வந்துவிடுவாள் என்பதுதான் என் கணக்கு.

ஓட்டிப் பார்க்கிற நாளில் தெருவே வாசலில் கூடிவிட்டது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். அவரவர் வீட்டுத் தலையணை உறை, போர்வை, பள்ளிச் சீருடை என்று குவித்தார்கள். மாமா சுவிட்சைப் போட்டார். தூண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் தண்ணீரைக் கலக்க ஆரம்பித்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். சரியாக அந்த நேரம் கம்பெனி வேன் வந்தது. அம்மா எட்டி நின்று பார்த்துச் சிரித்துவிட்டுக் கொல்லைக்குக் குளிக்கப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கல்லின் மேல் அவிழ்த்துப் போட்டிருந்த சேலையை அள்ளிக்கொண்டு வந்து, எல்லோரையும் விலக்கி, தண்ணீருக்குள் போட்டேன். யாருக்காகச் செய்த மெஷினோ அவளுடைய சேலை இல்லாமல் என்ன வெள்ளோட்டம்?

தண்ணீர் சாம்பல் நிறமாகி மேலே வெள்ளி மிதந்தது.

"எவ போட்டது?" என்று மாமா போட்ட சத்தத்தில் குலவை நின்றது. பிளக்கைப் பிடுங்கினார். கூட்டத்தைப் பின்னால் தள்ளினார். ஒரு கம்பை எடுத்து, அந்தக் கம்பால் என் அம்மாவின் சேலையைத் தூக்கி மண்ணில் எறிந்தார்.

"ஏ கழுத! மருந்துச் சேலையக் கொண்டாந்து போட்டிருக்கியே, அறிவிருக்கா ஒனக்கு?"

அவர் திட்டியதுகூடப் பரவாயில்லை. கம்பு! செத்த எலியைத் தூக்குவது போல, ஊர் பார்க்க, என் அம்மாவின் சேலையை! ஊரார் அழுக்கெல்லாம் உள்ளே போகலாம், அம்மா சேலை போகக் கூடாதா?

"எங்கம்மா சேலை என்ன தீட்டா?" என்று கத்தினேன்.

எங்கள் தெருவில் அந்தச் சொல்லை யாரும் சும்மா எடுக்க மாட்டார்கள். பண்ணை வேலைக்குப் போன காலத்தில் பெரியவர்கள் எல்லோரும் அதைப் பிறர் வாயிலிருந்து தங்களைப் பற்றிக் கேட்டவர்கள். மாமா கம்பைக் கீழே போட்டார்.

ஈரத் தலையோடு அம்மா வந்தாள். தம்பியின் காதைத் திருகப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து சேலையை எடுத்து மண்ணை உதறினாள்.

"அவனத் திட்டாத. நாந்தான் இதப் போடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இத்தன மெஷின் இருக்குல்ல? ஒண்ணே ஒண்ண ஒனக்குன்னு ஒதுக்கக் கூடாதா?"

மாமாதான் பதில் சொன்னார், என் முகத்தைப் பாராமல். "சுத்துற சாமானுக்குள்ள மருந்து போகக் கூடாது தாயி. எந்த மெஷினா இருந்தாலும் போகக் கூடாது."

அவ்வளவுதான் விளக்கம். தண்ணீரை எல்லாம் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மாமா முதல்முறையாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டப்புக்குள் தேய்க்க ஆரம்பித்தார். மஞ்சள் வெயிலில் அவருடைய முழங்கைவரை பார்த்தேன். தோல் கசக்கி விரித்த காகிதம் போல் இருந்தது. மெஷினுக்கு ஊற்றிய ஆசிட் பட்டிருக்கும், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை தேய்த்தார். அக்கா சேலை பட்ட இடத்தை இப்படியா தேய்ப்பார்கள் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

அந்த மெஷினில் என் சீருடையைப் போட மாட்டேன் என்று சபதம் செய்தேன். மறுநாள் சாயங்காலம் அம்மாவின் கல்லுக்குக் கொண்டுபோனேன். அவள் சேலையின் மேல் என் பாவாடையை வைத்ததும் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"எந் துணியோட ஒந் துணியச் சேக்காதன்னு எத்தன தடவ சொல்ல?"

யாருக்காகச் சண்டை போட்டேனோ அவளே இப்படி. ஒரு வாளித் தண்ணீரில் நானே துவைத்து, வீம்புக்கு ஈரத்தோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அதற்கு எத்தனையோ நாள் கழித்து, ஒரு தீபாவளி சீசனில், அடுத்த தெரு அக்கா ஒருத்தியைப் பற்றி அம்மா வாசலில் நின்று சொன்னாள். "அவளுக்குச் சேலை பிடிச்சிருச்சு." சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் தெருவிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஒரு சேலை பிடித்துப்போனதற்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. பட்டாசு வேலைக்குப் போகிற அம்மா ஒருநாளும் 'தீ' என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் சட்டையைப் பிடித்தது எது, அந்தக் கைத்தோல் ஏன் அப்படி என்பதும்.

கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. குளிக்க ஓர் அறை கட்டிக்கொடுக்காத கம்பெனியின் மேல், ஹாரன் அடித்த வேனின் மேல், இரும்பாலான ஒரு மெஷினுக்குள் போடக்கூட ஆகாத சேலையை ஒரு பெண் உடம்பில் சுற்றிக்கொண்டு பகல் முழுக்க உட்காரலாம் என்று விட்டுவைத்த எல்லோர் மேலும். மெஷினுக்காவது பிளக் இருந்தது. மாமா ஓடிவந்து பிடுங்கினார். அம்மாவுக்கு எதைப் பிடுங்குவார்?

வெள்ளோட்டத்துக்கு மறுநாள் காலை, கொடியில் காய்ந்த அதே சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். முழுக்கைச் சட்டையின் பட்டனை மாட்டியபடி மாமா வேன் வரைக்கும் கூடப் போனார். தினமும் போவார், தினமும் அதையே சொல்வார்.

"முந்தானைய நல்லா இழுத்துச் செருகிக்கோக்கா."

அம்மா செருகிக்கொண்டாள். வேன் சிவகாசிப் பக்கம் திரும்பும்வரை மாமா அங்கேயே நின்றார். சட்டைப் பைத்தியம் முற்றி, இப்போது அம்மாவுக்குச் சேலை கட்டச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டாராக்கும் என்று நான் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.