ஏழாம் நம்பர் பஸ்ஸில் அடித்தவனும் அடி வாங்கினவனும்

இதை எழுத நினைத்துப் பல வருஷம் தள்ளிப் போட்டேன். பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. நான் இருப்பது வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இதில் வருகிறவர்களைக் கல்யாணத்திலும் எழவிலும் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் பேர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

போன மாதம் பேரனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் ஏன் முரடாகிறார்கள் என்று ஒருவர் மைக் பிடித்துப் பேசினார். செல்போன், கேம், பரோட்டா, சினிமா, சேர்க்கை என்று வரிசையாகச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசி வரைக்கும் பெரியவர்கள் பேர் அந்த வரிசையில் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து சென்னிமலை முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்று தோன்றியது.

பஸ் ஆயா

தனியார் பள்ளி ஒன்றில் பஸ் அட்டெண்டராக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் ஆயா. பெரியவர்களுக்குச் சரசக்கா. ஏற்றுவது, இறக்குவது, தலையை எண்ணுவது, வாந்தி எடுத்தால் கவரைப் பிடிப்பது, யாருடைய வாட்டர் பாட்டில் யாரிடம் இருக்கிறது என்று பஞ்சாயத்துப் பண்ணுவது, இதுதான் வேலை. காலையில் ஏறுகிற பிள்ளைகளுக்கு நெற்றியில் விபூதி வைப்பேன். வேதக்காரப் பிள்ளைகளுக்குத் தலையில் கை வைத்து "கர்த்தர் காப்பாத்துவாரு, போ கண்ணு" என்பேன். அதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. நானாகச் செய்தது.

ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கிருத்திக். அவன் அப்பாவுக்குத் தோட்டம் உண்டு, கொப்பரைக் களமும் உண்டு. தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற இடம். எங்கள் சனம்தான், தூரத்து உறவுகூட. இன்னொருவன் ஆண்டோ. அரசாங்கத்தின் இலவச சீட்டில் சேர்ந்தவன். அவன் அப்பா ஆரோக்கியம் அந்தக் களத்தில்தான் வேலை செய்தார். அவர்கள் குடும்பம் அந்தத் தோட்டத்துக்குத் தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம்.

கிருத்திக் பிறவியிலேயே முரடன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சின்ன வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவன். பெரிய லீவு முடிந்து ஏழாம் வகுப்புக்கு வந்தபோதுதான் ஆள் மாறியிருந்தான். ஜன்னல் சீட்டில் ஆண்டோ உட்கார்ந்திருந்தால் "எந்திரிடா" என்பான். தன் பையை அவனைத் தூக்கி வரச் சொல்வான். சின்னப் பிள்ளைகளின் தலையில் கொட்டுவான். நான் கண்டித்தால் "நீங்க பஸ்ஸப் பாருங்க ஆயா" என்று திரும்பிக்கொள்வான்.

டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். "களத்துக்காரர் பையனுங்களா? பாத்து நடந்துக்குங்கக்கா. ஸ்கூலுக்கு போர்வெல் போட்டுக் குடுத்தவரு" என்று சொல்லிவிட்டு டீசல் கணக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

களத்தில் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பெரிக்கத் தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, வாங்க அந்தக் களத்துக்குப் போனேன். கிருத்திக் அங்கே இருந்தான். ஒரு கூடைக் கொப்பரையை ஒரு பக்கம் ஆரோக்கியமும் மறுபக்கம் இவனுமாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் அவனை அப்படிப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

அவன் அப்பா காரை நிறுத்தினார். இறங்கின வேகத்தில் பையன் கன்னத்தில் ஒன்று விட்டார். அத்தனை வேலையாட்களுக்கும் முன்னால்.

"மொதலாளி பையன் கூடை தூக்குனா நாளைக்கு எவன்டா உன்னைய மதிப்பான்? போய் அந்தச் சேர்ல உக்காரு. இவன அதட்டி வேலை வாங்கு."

பையன் சேரில் உட்கார்ந்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "வேலையப் பாருங்க" என்றான்.

"சத்தம் பத்தல."

மறுபடி சொன்னான். மறுபடியும் சத்தம் பத்தவில்லை. அதற்கு அடுத்த தடவை, "டேய், வேலையப் பார்றா" என்று தொண்டை கிழியக் கத்தினான். அப்பா சிரித்து முதுகில் தட்டிக் கொடுத்தார். ஆரோக்கியமும் சிரித்தார். "சின்ன மொதலாளி நல்லா அதட்டறாருங்க" என்றார். சிரிக்காமல் அந்த மனுஷன் வேறு என்ன செய்ய முடியும்.

சுவர் ஓரத்தில் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்த ஆண்டோ நின்றிருந்தான். அவன் கிருத்திக்கைப் பார்க்கவில்லை. சிரிக்கிற தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொட்டி வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அடி விழுந்த நாள்

மறுநாளே நடந்துவிடவில்லை. சில வாரம் ஆனது. சாயங்காலம் பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். ஜன்னல் சீட்டுக்காகத்தான் ஆரம்பித்தது. அன்றைக்கு ஆண்டோ எழுந்திருக்கவில்லை. கிருத்திக் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"உங்கப்பன் எங்க வேலைக்காரன்டா. அதட்டுனாச் சிரிப்பான். நீயும் சிர்றா."

ஆண்டோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சிர்றா. சத்தம் பத்தல."

நான் பின் சீட்டிலிருந்து எழுந்து வருவதற்குள் ஆண்டோ ஸ்டீல் பாட்டிலை எடுத்து அவன் நெற்றியில் அடித்துவிட்டான். ரத்தம் கொட்டியது. என் முந்தானையை அழுத்திப் பிடித்தேன். கிருத்திக் என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆயா, அடி வாங்கிட்டு வந்தியான்னு திருப்பி அடிப்பாரு" என்று அழுதான். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

ஆபீஸ் ரூம்

பஸ்ஸில் கேமரா உண்டு. அதில் படம் தெரியும், சத்தம் கேட்காது. ஆண்டோ பாட்டிலை எடுத்தான், அடித்தான். அவ்வளவுதான் தெரிந்தது. அவனுக்கு டிசி கொடுத்து அனுப்புவது என்று பேசி முடித்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் அடிக்கிற ரவுடிப் பையன் என்று பேர் எடுத்துப் போனால் வேறு எந்தப் பள்ளி அவனைச் சேர்க்கும்? படிப்பு அதோடு நின்றுவிடும். ஆனால் அப்படி டிசியில் எழுத, பஸ்ஸில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வந்த பெரிய ஆள் ஒருத்தி சொல்ல வேண்டும். அது நான்தான்.

ஆபீஸில் விசாரிப்பதற்கு முந்தின சாயங்காலமே களத்துக்காரர் என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மரியாதையாகவே பேசினார்.

"ஏனுங்கக்கா, நீங்க நம்ம சனம். பையன் ஒண்ணும் பேசல, அவன்தான் சும்மா அடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாமுங்க."

காப்பி கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் ரூமில் தாளாளர் அம்மா, இன்சார்ஜ், களத்துக்காரர், நெற்றியில் கட்டோடு கிருத்திக். ஆரோக்கியம் கதவோரம் நின்றார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் மகனை ஓங்கி அடித்து, "மன்னிப்புக் கேளுடா" என்றார். ஆண்டோ கேட்கவில்லை. "பாருங்க, எவ்வளவு திமிரு" என்றார் இன்சார்ஜ்.

தாளாளர் அம்மா என்னைக் கேட்டார். முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அம்மா, குளிச்சு விபூதி வெச்சுட்டு வந்திருக்கறனுங்க. இந்த வாயில பொய் வராதுங்க. ஆண்டோ அடிச்சது நெசம். அதுக்கு முன்னால கிருத்திக் என்ன சொன்னான்னு அவனையே கேளுங்க."

கிருத்திக் முதலில் அப்பாவைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, நிமிர்ந்து நின்று, "உங்கப்பன் எங்க வேலைக்காரன்டா, அதட்டுனாச் சிரிப்பான், நீயும் சிர்றா, சத்தம் பத்தல" என்று சொன்னான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லவில்லை. அப்பாவின் குரலிலேயே சொன்னான். அதே இழுப்பு, அதே அதட்டல். ரூமில் இருந்த எல்லோருக்கும் அது யார் குரல் என்று தெரிந்தது.

களத்தில் நான் பார்த்ததையும் சொன்னேன். ஆரோக்கியம் வேண்டாம் என்று தலையாட்டினார். களத்துக்காரர் எழுந்துவிட்டார்.

"பஸ் ஆயா எங்க ஊட்டு விஷயத்தையெல்லாம் பேசறதுங்களா?"

"உங்க ஊட்டு விஷயம் பஸ் ஏறி வந்துருச்சுங்க. நான் என்ன பண்றது?"

அப்புறம்

டிசி நின்றது. ஆண்டோவை ஒரு வாரம் வர வேண்டாம் என்றார்கள். கிருத்திக்குக்குத் தண்டனை ஏதும் இல்லை. அந்த வருஷம் முடிந்ததும் அவன் அப்பா அவனை வெளியூர் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். அங்கேயும் அடிதடி என்று கேள்விப்பட்டேன். ஆரோக்கியத்துக்குக் களத்து வேலை போனது. என்மேல் கோபப்பட்டு வெகுநாள் பேசாமல் இருந்தார், அதில் நியாயம் உண்டு. இப்போது ஒரு ரைஸ் மில்லில் இருக்கிறார். ஆண்டோ ஐடிஐ முடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் யார்மேலும் கை நீட்டினதாக நான் கேள்விப்படவில்லை.

என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி பாத்ரூம் கழுவப் போட்டார்கள். நானாக வேலையை விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். வயசாகி நானே வரவில்லை என்று சொல்லும் வரைக்கும் கழுவினேன். உறவில் இரண்டு வீடு எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. மொய்ப் பணம் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

கார்த்திகைக்குக் கார்த்திகை சென்னிமலை ஏறுகிறேன். அர்ச்சனைக்குக் கிருத்திக் பேரைத்தான் முதலில் சொல்வேன். குருக்கள் நட்சத்திரம் கேட்பார். தெரியாதுங்க, கன்னத்தில் அடி வாங்கின பையன், அது போதும் சாமிக்கு என்பேன். அடுத்ததாக ஆண்டோ. அவன் வேறு சாமியைக் கும்பிடுகிறவன் என்று முருகனுக்குத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

முரட்டுப் பிள்ளை என்று யாரையாவது உங்களிடம் காட்டினால், அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார், அவனைச் சிரிக்கச் சொன்னது யார் என்று கேளுங்கள். செல்போனைப் பிடுங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையோடு வீட்டில், களத்தில், கடையில் நீங்கள் மற்றவர்களிடம் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிள்ளை பக்கத்தில்தான் நிற்கிறான்.

இதை யாருக்காவது சொல்வதானாலும், போனில் அனுப்புவதானாலும், இருக்கிறபடி அனுப்புங்கள். ஆண்டோ மேல் இரக்கப்பட்டு அவன் அடித்ததை விட்டுவிடாதீர்கள். களத்துக்காரர் உங்கள் சனமாக இருந்தால் அவர் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லித்தான் என் வீட்டுக்கு ஆள் வந்தது. நான் மாற்றவில்லை. நீங்களும் மாற்றாதீர்கள்.