பார்த்தவர்கள் இரண்டு பேர்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடலில் கணவனைப் பறிகொடுத்தவள் அதையெல்லாம் நம்ப ஆரம்பித்தால் வீட்டில் தனியாக இருக்க முடியாது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன், இதைச் சொல்லி எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது இதுதான்.

தூத்துக்குடியில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். சென்னையில் வேலை கிடைத்ததும் மகள் ஜெனி ஒரு போன் வாங்கித் தந்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பேன். சினிமாவோ சமையலோ இல்லை, கடலுக்கடியில் எடுத்ததாகத் தேடித் தேடிப் பார்ப்பேன். அதற்குக் காரணம் அவர். சங்கு குளித்துவிட்டு வந்து, தலைகூடத் துவட்டாமல், கீழே பார்த்ததையெல்லாம் சொல்வார். களவா மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்குமாம், பொடி மீன்கள் உள்ளே போய்ப் பல் விளக்கிவிட்டு வருமாம். எட்டுக் கை முளைத்த பேய்க்கணவாய் சிப்பிகளை அடுக்கித் தன் பொந்துக்குக் கதவு போடுமாம். "ஒங்க புளுகுக்கு ஒரு அளவில்லையா?" என்று சிரிப்பேன். இப்போது ஒவ்வொன்றாக வீடியோவில் வருகிறது. ஒன்றுகூடப் புளுகில்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

சங்கு குளிக்கிறவரின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பது பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான். தங்கச்சி தாலியை நினைத்துக் கண்ணிமைக்காமல் பிடிப்பான் என்று எங்கள் ஆட்கள் வைத்திருந்த வழக்கம். அவருக்குப் பிடித்தது என் அண்ணன் சூசை. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வெறும் கயிறு மேலே வந்தது. மறுநாள்தான் அவர் உடம்பு கரை ஒதுங்கியது. கோவில் வாசலில் எல்லாரும் பார்க்க, "கயிற விட்டியாண்ணே?" என்று கேட்டேன். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அதோடு பேச்சு நின்றது. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். பேய்க்கணவாய் வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. பெயர் இல்லை. கீழே 'பார்த்தவர்கள் 2' என்று மட்டும் இருந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்த படம், அலையோடு ஏறி இறங்கியது. பச்சை விளிம்பு வைத்த வள்ளம். கம்பில் ஒரு நீலச் சட்டை, பை வலது பக்கம். தையல் பழகும்போது நான் மாற்றி வைத்துத் தைத்த பை அது. பிரிக்கவே விடமாட்டார். வள்ளத்தில் அண்ணன், கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படம் தண்ணீருக்குள் இறங்கியது. எல்லாம் பச்சை. இரண்டு கைகள் வந்தன. இடது சுண்டுவிரல் கோணல், அவருடையதுதான். அவசரமே இல்லாமல் இடுப்பு முடிச்சை அவிழ்த்தன. கயிறு மேலே போனது. அவ்வளவுதான்.

திரும்பப் பார்க்கத் தொட்டேன், இல்லை. ஜெனியிடம் சொல்லித் தேடச் சொன்னேன். "கடைசியா பேய்க்கணவாய்தாம்மா பாத்துருக்க, வேற ஒண்ணுமே இல்ல" என்றாள்.

இரண்டு பேர் என்றால், ஒருத்தி நான், மற்றது அண்ணனாகத்தான் இருக்கும், அவன்தான் யாரிடமிருந்தோ வாங்கிப் போட்டிருப்பான் என்று முடிவு செய்து, மெஷினில் பாதி ஜாக்கெட் கிடக்க, அவன் இருக்கும் புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

வாசலில் மதினி மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். "தையக்கார அம்மாவுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சோ?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளே அண்ணன் இளைத்துப் பாதி ஆளாக உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அவருதான் முடிச்ச அவுத்தாரா?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "ஒனக்கு ஆருளா சொன்னது?"

"நீ ஏன் சொல்லல?"

"கயிறு அறுந்து வரல, அவுந்து வந்துச்சு. நான் போட்ட முடிச்சு தானா அவுராது. வலை கிலை மாட்டி எடுக்கப் போனானோ என்னவோ, எனக்குத் தெரியாது. தானா உசுர விட்டுட்டான்னுல்லா ஊரு பேசும்? சாமியாரு அடக்கத்துக்கு வருவாரோ மாட்டாரோ, நீ தாங்குவியோ மாட்டியோன்னு இருந்துச்சு. என்னையே பேசட்டும்னு விட்டுட்டேன்."

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கயிறு அறுத்த தழும்பு இரண்டு வளையமாக இன்னும் இருந்தது. பதினெட்டு வருடத்து அழுகையையும் அங்கேதான் அழுதேன்.

அப்புறம்தான் வீடியோவைச் சொன்னேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. "கடல்ல அன்னைக்கு நானும் மாப்ளயும் மட்டுந்தான்ளா. கண்ணுக்கெட்டுன மட்டும் வேற வள்ளம் கெடையாது. ஆரு எடுப்பா?" என்றவன், சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினான். பட்டன் போன். "இதுல பேசத்தான் முடியும்."

இப்போது ஞாயிறுதோறும் அண்ணனும் மதினியும் வருகிறார்கள். மத்தியானத்தில் நான் வீடியோ பார்ப்பதும் நிற்கவில்லை. எது வந்தாலும் முதலில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் கண் போகிறது. ஆயிரம், லட்சம் என்று இருந்தால் நிம்மதி. ஆனாலும் நம்பினால் நம்புங்கள், பெஞ்சில் நடுவில் உட்கார எனக்கு மனம் வருவதில்லை. ஓரமாகவே உட்காருகிறேன். போனையும் கொஞ்சம் சாய்த்துத்தான் பிடிக்கிறேன், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரி.