கீழ்க்கணக்கு இரண்டாம் பெட்டி

பதுளையில் மண்சரிவை ஆராயும் அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தபோது அம்மா சிரித்தே விட்டாள். "படத்துக்குப் பேரு வைக்க ஒரு வேலையாடி? புள்ளைக்குத்தான் பேரு வைப்பாங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்.

மலையைத் துளைக்கும்போது மண்ணும் கல்லும் நீண்ட உருளையாக வெளியே வரும். அதை ஆழ வரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்கிப் படம் எடுப்பார்கள். பெட்டிக்கு ஐந்து மீட்டர். கேமரா படத்துக்கு ஓர் எண்ணை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். எந்தத் துளை, எந்தப் பெட்டி, எத்தனை மீட்டர் என்று பெயரிட்டு அடுக்குவது என் பாடு.

நான் சேர்ந்த முதல் வாரமே தெமோதரைப் பக்கத்துப் படங்கள் வந்தன. எங்கள் தோட்டம்தான். லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருந்ததால், மழைக்கு முன் ஆட்களை அப்புறப்படுத்த வேண்டுமா என்று பார்க்கத் துளையிட்டிருந்தார்கள். பொறுப்பாக இருந்தவர் இடையில் மாற்றலாகிப் போய்விட்டார். மிஞ்சியது ஒரு சீடியும், துளையிட்ட ஆட்கள் பெட்டி ஓரத்தில் சாக்பீஸால் எழுதியதும்தான். மேக்கணக்கு ஒன்று முதல் ஆறு. கீக்கணக்கு ஒன்று முதல் ஆறு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் சார் மண்ணியல் படித்தவர், நல்ல மனிதர். "பிள்ளை, மேல் கணக்கை முதல்ல போடும், கீழ்க் கணக்கு அதுக்குப் பிறகு. ஒரே துளைதானே" என்றார். அவர் சொன்னபடி பார்த்தால் கீக்கணக்கு இரண்டாம் பெட்டியில் தெரிந்த வழவழப்பான களி, மழை ஊறினால் மேல்மண்ணைச் சறுக்கிவிடும் களி, முப்பத்தைந்து மீட்டருக்குக் கீழே போய்விடும். "அவ்வளவு ஆழத்திலையெண்டா பயமில்லை" என்று அறிக்கையையும் எழுதத் தொடங்கிவிட்டார்.

வேலையில் சேர்ந்து ஏழு நாள்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்லீங்க சார். கணக்குன்னா எங்க பக்கம் தோட்டத்துப் பிரிவுங்க. மேக்கணக்கு ஒரு மலை, கீக்கணக்கு இன்னொரு மலை. இது ரெண்டு துளைங்க."

"அப்ப இந்தக் களி?"

"அஞ்சு மீட்டருக்குக் கீழயே இருக்கு சார். எங்க லயத்துக்கு அடியில."

அவர் பேனாவை வைத்துவிட்டுத் துளையிட்ட மேஸ்திரிக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. சாரின் முகம் வெளுத்தது மட்டும் தெரிந்தது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். "நீரே பேர் வையும், பிள்ளை. நான் குறுக்க வரமாட்டன்."

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவது போலவே வைத்தேன். முதலில் கணக்கு, பிறகு துளை, பெட்டி, ஆழம். நாளைக்கு வேறொரு ஆழமான துளையில் பத்தாம் பெட்டி வந்தால் கம்ப்யூட்டரில் அது இரண்டுக்கு முன்னால் முந்திக்கொண்டு வராமலிருக்க ஒற்றை எண்களுக்கு முன் ஒரு பூஜ்யமும் போட்டேன். இன்றைக்கும் சொல்வேன், அந்த வரிசையில் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

மழைக்கு முன்பே லயத்தைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்ற லொறி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி சலித்துக்கொண்டாள். "நம்ம காலுக்கடியில களி இருக்குன்னு எவன்தான் கண்டுபிடிச்சானோ!"

அம்மா தலையிலிருந்த அண்டாவை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எம் மக. அந்தப் படத்துக்குப் பேரு வச்சதே அவதான்."