பெயர் மாறிய காற்றாலை

காற்றாலைக்குக் காவல் இருப்பவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. செம்புக் கம்பி திருட வருகிறவனை விரட்ட வேண்டும். ஆடு மேய்க்கிறவர்கள் கோபுரத்துப் படியில் படுத்து உறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதி நேரம் முழுக்கப் பயப்படலாம். நான் பயப்பட்டேன். இறகு முறிந்து நான் தங்கும் ஷெட்டின் மேல் விழுமோ, காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்குமோ, ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகி எனக்குத் தெரியாமல் போகுமோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பயப்பட்டேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இனயம் கடற்கரையில் அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறியவன் நான். சுனாமிக்குப் பிறகு வள்ளத்தில் ஏற மாட்டேன் என்றுவிட்டேன். பங்குச்சாமியார் யாரிடமோ சொல்லி, ஆரல்வாய்மொழிப் பக்கம் இந்த வேலையை வாங்கித் தந்தார். சுற்றிலும் முள்ளும் பாறையும். ஆனி, ஆடியில் காற்று பிடித்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது.

எனக்கு இருந்த ஒரே பேச்சு, கன்ட்ரோல் ரூம் அண்ணனின் போன். திற்பரப்புக்காரர். ஒன்றிரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். காலையும் மாலையும் அழைப்பார்.

"எல்லாம் சுத்துதாடே?"

"கடைசி வரிசையில ஒண்ணு நிக்குது அண்ணா."

"செரி, ஆள் அனுப்புதேன். இன்னைக்கு என்ன கறி?"

"சாளை."

"புளி விட்டியா, தேங்கா அரைச்சியா?"

சாளை மீனும் கிடையாது, தேங்காயும் கிடையாது. ஊறுகாய்தான். ஆனால் சாளை என்று சொன்னால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசுவார். தேங்காய் அரைத்தேன் என்றால், திற்பரப்பில் அவர் மனைவி எப்படி அரைப்பாள் என்று தொடங்குவார்.

ஒரு வருடம், காற்றுக் காலம் தொடங்கும் நேரம், தலைக்கவசம் போட்ட ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள். கோபுரங்களில் ஏறினார்கள். மெஷின் எண்ணெயைச் சின்னச் சின்னப் பாட்டிலில் பிடித்தார்கள். என் மேசையிலும் நாற்காலியிலும் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை போன் வந்ததும் முதலில் நான்தான் கேட்டேன்.

"அண்ணா, இவனுவ ஆரு?"

"வாங்க வந்தவனுவ மக்கா. வடக்க ஒரு பெரிய கம்பெனி நம்ம கம்பெனிய முழுசா எடுக்கு. அவனுவளுக்கு சோலார் உண்டு, காத்து இல்ல. அதான் நம்மள வாங்குதானுவ."

"நம்மளன்னா?"

"மெஷினு, நெலம், கரண்டு விக்கிற ஒப்பந்தம், மேசை, நாற்காலி, எல்லாம் சேத்து."

"நான்?"

"ஒன்ன நெலத்துல சேப்பானா, நாற்காலியில சேப்பானான்னு எனக்கு எப்பிடிலே தெரியும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு உறக்கமும் வரவில்லை. இந்த வேலை போனால் மறுபடி கடல்தான்.

விற்பனை முடிந்துவிட்டது என்றார்கள். பிறகொரு நாள் பெயின்டர்கள் வந்தார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு, கோபுரத்தில் இருந்த பழைய கம்பெனிப் பெயரைச் சுரண்டத் தொடங்கினார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் கரையில் வள்ளம் கைமாறினால், வாங்கியவர் முதலில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் புனிதரின் பெயரை எழுதுவார். அதற்குள் பழைய ஆட்கள் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் யாரும் விரட்ட மாட்டார்கள். பேச மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த அவமானம் யாரோ ஒருவருக்கு நடந்ததாக அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஷெட்டைப் பூட்டினேன். சாவியையும் கம்பெனி போனையும் வாசல் ஆணியில் மாட்டினேன். நாகர்கோவில் வந்து பஸ் மாறி வீடு சேர்ந்தேன்.

"பேரச் சுரண்டுதானுவ," என்றேன்.

"எறங்கியாச்சுல்லா, செரி," என்றார் அப்பா.

அடுத்த நாள் மதியம் கோயில் மைக்கில் என் பெயரைச் சொல்லி, பங்குச்சாமியார் போனில் உன்னைக் கேட்கிறார்கள், ஓடி வா என்று கூப்பிட்டார்கள். கரை முழுக்கக் கேட்டது. ஓடினேன்.

"எங்கலே போய்த் தொலைஞ்ச, சவமே?"

அண்ணன்தான். பெயர், வள்ளம், வழக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"லேய், இது வள்ளம் இல்லலே. பேரு மாறும், ஆளு அப்பிடியே இருப்பான். ஒனக்கப் பேரும் புதுக் கம்பெனி லிஸ்டுல ஏறியாச்சு. புது மேனேஜரு வந்து பாத்தா பூட்டு தொங்குது. வயித்துப்போக்குன்னு செல்லி வச்சிருக்கேன். நாளைக்கு விடியும்போ அங்க நிக்கணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவான்."

முதல் பஸ்ஸில் போய் நின்றேன். புது மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வயிறு எப்படி இருக்கு?" என்றார். பரவாயில்லை என்றேன். புதுப் பெயர் தைத்த சட்டை ஒன்று தந்தார்கள். தோளில் கொஞ்சம் பிடித்தது.

காற்று தணியத் தொடங்கிய நாட்களில் ஒரு மதியம், அண்ணன் பைக்கில் ஷெட்டுக்கு வந்தார். ஒரு கையில் தூக்குச்சட்டி. பின்சீட்டில் கட்டிய பையில் அவருடைய தம்ளரும் ஸ்வெட்டரும் தெரிந்தன.

"எல்லா மெஷினையும் இனி வடக்க இருந்து கம்ப்யூட்டர்ல பாப்பானுவளாம். இங்க ரூமப் பூட்டுதானுவ. நாளைக்கு போர்டு கழத்துவான். அதுக்கு முந்தி எறங்கிட்டேன். ஒங்க கரைக்க வழக்கம் செரிதான் மக்கா."

"ஆளு அப்பிடியே இருப்பான்னு சென்னிய?"

"ஒனக்குச் சென்னேன். எனக்க வேலைய நிறுத்துத தாளு அன்னைக்கே கையில வந்தாச்சு."

தூக்குச்சட்டியைத் திறந்தார். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். தட்டு எடுக்க நான் திரும்பியபோது, அலமாரியில் தனியாக நின்ற ஊறுகாய்ப் பாட்டிலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் சாளை, என்னா?"

நான் தட்டைக் கழுவினேன்.

"எனக்குத் தெரியும்லே. இந்தப் பொட்டக்காட்டுல ஆரு கொண்டு தருவா? நீ செல்லுதியேன்னு கேட்டேன்."

தின்று முடித்தோம். குலசேகரத்தில் மைத்துனர் கடையில் நிற்கப் போவதாகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வர வேண்டும் என்றும் சொன்னார். வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு மாற்று ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை போன் அடித்தது. தெரியாத குரல், வேறு ஊர்த் தமிழ்.

"எல்லாம் ஓடுதா?"

"ஓடுது சார். இன்னைக்கு…"

வைத்துவிட்டார்கள். போனை ஆணியில் மாட்டினேன். தூக்குச்சட்டியை அண்ணன் மறந்துவிட்டுப் போயிருந்தார். அடியில் கொஞ்சம் குழம்பு ஒட்டியிருந்தது. அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்தேன்.