பாஸ் போட்டுத் தருகிறோம், பள்ளியை விட்டுப் போங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம் இது நடந்தது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தேன். வீடு ராஜபாளையத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காலையில் மாத்திரை போட்டேனா என்பது மறந்துவிடுகிறது. எந்தக் காரியத்துக்கு எந்த விதி என்பது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்த பெண், பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். கணவர் லாரி டிரைவர். ஊரில் இருக்கும் நாள் குறைவு. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மா கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுதாக. போட்டாப் பிள்ளைய பாஸ் ஆக்கிருவாகளாம்."

வாங்கிப் பார்த்தேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்கிறேன்' என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். அவளுடைய சொந்த விருப்பம் என்னவென்று பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று வாசலில் பலகை வைக்க ஒரு சுலபமான வழி உண்டு. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு வெளியே அனுப்பிவிடுவது. பாஸ் போட்டு டி.சி. கொடுப்பார்கள். வாங்கவில்லையா, ஃபெயில். பெற்றோர் எழுதிக் கேட்காமல் டி.சி. கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் அந்தத் தாள். மார்க் ஷீட்டைப் பார்த்தால் வேறு பள்ளியும் சேர்க்காது. பிள்ளை அம்மாவோடு பேண்டேஜ் நெய்யப் போகும். அதுவும் சொந்த விருப்பம் என்றுதான் கணக்கு.

"கையெழுத்துப் போடாதே" என்றேன். "பிள்ளையைக் கூப்பிடு."

அவள் வந்தாள். அறிவியல் புத்தகத்தைக் கொடுத்து ஏதாவது ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னேன். தடங்கல் இல்லாமல் கடகடவென்று வாசித்தாள். எனக்கே ஆச்சரியம். எட்டிப் பார்த்தேன். பாடம் சரி, பக்கம் வேறு. அவள் சொன்னது ஒளியைப் பற்றி. விரல் ஊர்ந்துகொண்டிருந்தது தாவரங்களின் மேல்.

"பாத்தீகளாக்கா, இப்படித்தான் ஏமாத்துதா. ஏட்டி, யாருகிட்டட்டி நடிக்க?" என்று அம்மா கையை ஓங்கினாள். பள்ளியிலும் இதே கதைதானாம். வாய் கிழியப் பேசுகிறாள், எழுதச் சொன்னால் கோழி கிறுக்குகிறது, திமிர் என்றார்கள். அங்கே பிள்ளைகளுக்கு மூன்றே பிரிவுகள்: மக்கு, சோம்பேறி, திமிர். இவள் மூன்றிலும் இருந்தாள்.

என்னோடு தினமும் அதே பஸ்ஸில் வரும் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். சர்ச் பள்ளியில் வேலை. மதுரையில், கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவர். போனவர்களில் பயிற்சியை ஞாபகம் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சாப்பாட்டை ஞாபகம் வைத்திருந்தார்கள். அவரிடம் சொன்னேன்.

"பக்கம் மாத்தி வாசிச்சாளா? சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க, சூப்பிரண்டு மேடம்" என்றார்.

கூட்டிப் போனேன். ஆசிரியை ஒரு கதையை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். அத்தனைக்கும் பதில் வந்தது. அதே கதையை அவளையே வாசிக்கச் சொன்னார். 'பலகை' என்பதைப் பார்த்துச் செத்த நேரம் நின்றாள். பிறகு 'கலப்பை' என்றாள். அடுத்த வரியில் அதே சொல் வந்தபோது 'பகல்' என்றாள். முகம் வேர்த்துவிட்டது. கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா, காது கேட்கிறதா, எழுதும்போது எந்தெந்த எழுத்துகள் மாறுகின்றன என்று ஆசிரியை ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க மக வாசிக்கிறதுலதான் கஷ்டம். அறிவுல இல்ல. இதுக்கு மருந்து கிடையாது, வேற விதமாச் சொல்லிக் குடுத்தா வரும், மெதுவா வரும்."

"சோம்பேறின்னு சொன்னாகளே டீச்சர்."

"சோம்பேறி எவளாவது வகுப்புல காதால கேட்டே முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் பண்ணுவாளா? நீங்க பண்ணுவீங்களா? நான் பண்ண மாட்டேன்."

பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அழ ஆரம்பித்தாள். அந்தத் தாளை வாங்கி நானே கிழித்தேன். கோப்பில் இருக்க வேண்டிய தாளைக் கிழிப்பது என் பணிக்காலத்தில் அதுவே முதல் முறை. ஆனால் அது இன்னும் கோப்புக்கு வரவில்லை. ஆகவே குற்றமில்லை.

கிழித்தால் மட்டும் போதாது. கையெழுத்து இல்லையென்றால் ஃபெயில் போட்டுவிடுவார்கள். ஆகவே தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். நான் அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

"வாங்கம்மா. ஆபீஸ்லருந்தா?" என்றார்.

"இல்லை சார். பக்கத்து வீட்டுக்காரியா வந்திருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். கேள்வித்தாளை யாராவது வாசித்துக் காட்டட்டும், அவள் வாயால் பதில் சொல்லட்டும், தேறுகிறாளா பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"அதுக்கெல்லாம் விதியில இடமில்லம்மா."

"எந்த விதியில் சார்?"

"விதியிலதான்."

"எந்த விதின்னு சொல்லுங்க, எண்ணோட. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு உங்க பள்ளித் தேர்வு. அரசுத் தேர்வு இல்லை. வாசித்துக் காட்டக் கூடாதுன்னு எங்கே இருக்கு? காட்டினால் இப்பவே எழுந்து போயிடறேன்."

அலமாரியிலிருந்து தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நான் காத்திருந்தேன். அந்தப் புத்தகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் இல்லாதது இன்னும் நன்றாகத் தெரியும். புரட்டிக் களைத்தவர், "உங்க ஆபீசர்கிட்டப் பேச வேண்டியிருக்கும்" என்றார்.

"பேசுங்க. அவர் எழுத்து மூலமா விளக்கம் கேட்பார். நானும் எழுத்து மூலமாகவே பதில் தருவேன். அந்தத் தாள் எத்தனை வீட்டுக்குப் போச்சுங்கறதும் அதில் வரும்."

அவர் புத்தகத்தை மூடினார். அறிவியல் ஆசிரியரைக் கூப்பிட்டுவிட்டார். கேள்வித்தாளும் வந்தது. இரண்டு கேள்வியில் பிள்ளை உளறிவிடும், கதை முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

அறிவியல் ஆசிரியர் வாசித்தார்: இதயத்தில் நான்கு அறைகள் ஏன்? அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மில்லுல சுத்தப் பஞ்சையும் கழிவுப் பஞ்சையும் ஒரே ரூமுல கொட்டுனா மொதலாளி விடுவாரா? விட மாட்டாரு. அப்படித்தான் நல்ல ரத்தம் ஒரு பக்கம், கெட்ட ரத்தம் ஒரு பக்கம், நடுவுல செவரு..."

நிறுத்தாமல் போனாள். எது மேலறை, எது கீழறை, எந்தக் குழாய் எங்கே போகிறது, எல்லாம் வந்தது. முடிக்கும்போது குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வெளங்குச்சாலே? வெளங்கலன்னா இந்தச் செவத்துல போயி முட்டுங்க" என்றாள்.

அறிவியல் ஆசிரியர் கேள்வித்தாளால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரு நடத்துன பாடம் இது?" என்று தலைமையாசிரியர் கேட்டார். குரலில் பாதி கோபம் குறைந்திருந்தது.

"நீங்கதான் சார். சயின்ஸ் சார்வாள் அன்னைக்கு லீவு. நீங்க வந்து நடத்துனீக."

"எப்ப?"

"கார்த்திகை விளக்குக்கு மொத நாளு. நீங்க அன்னைக்கு நீலச் சட்டை."

அம்மா குறுக்கே வந்தாள். "ஏட்டி, சட்டையெல்லாம் யாருட்டி கேட்டா?" என்று தொடையில் கிள்ளினாள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. ஒரு நாள் போகிறபோக்கில் நடத்திய பாடத்தை ஒரு பிள்ளை இத்தனை மாதம் வார்த்தை பிசகாமல் வைத்திருந்ததை அவரால் திமிர் என்று சொல்ல முடியவில்லை. மற்றக் கேள்விகளையும் கேட்டார்கள். கணக்கில் தடுமாறினாள், ஆனாலும் தேறினாள்.

"இந்த வருசம் போட்டுர்றேன்" என்றார். "பத்தாவதுல யாரு வந்து வாசிச்சுக் காட்டுவா?"

நியாயமான கேள்விதான். தேர்வுத் துறைக்கு மனுப் போட்டோம். பார்வையில்லாதவர்களுக்கும் கையில் அடிபட்டவர்களுக்கும் மட்டுமே உதவியாள் உண்டு என்று பதில் வந்தது. அந்த இடத்தில் மட்டும் விதி பளிச்சென்று இருந்தது. இன்றைக்கு இருக்கிற சலுகைகள் எல்லாம் பிறகுதான் வந்தன. ஆசிரியை சனிக்கிழமைதோறும் அவளைத் தட்டில் பரப்பிய மணலில் எழுத வைத்தார், சொற்களைத் துண்டு துண்டாக உடைத்து வாசிக்க வைத்தார். தோழி ஒருத்தி தினமும் பாடங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பத்தாம் வகுப்புத் தேர்வைப் பிள்ளை தானே எழுதினாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் போயிற்று. பள்ளி வாசலில் அந்த வருடம் பலகை வைக்க முடியவில்லை. எனக்கு அதில் சிறு வருத்தமும் இல்லை.

"போதும்ட்டி, வேலைக்கு வா" என்றாள் அம்மா.

"அக்டோபர்ல எழுதுவேன். அதுலயும் போனா மார்ச்சுல எழுதுவேன். நீ போ வேலைக்கு" என்றாளாம் மகள். அக்டோபரில் ஆங்கிலம் வந்தது. மார்ச்சில் தமிழ்.

சில மாதங்களுக்கு முன் வங்கியில் அவளைப் பார்த்தேன். இப்போது நடுத்தர வயது. தையல் கூடம் ஒன்றை நடத்துகிறாள். கடன் பத்திரத்தை நீட்டிய பையனிடம், "தம்பி, எனக்கு வாசிக்க நேரமாகும். நீங்க சத்தமா வாசிங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள். பின்னால் நின்ற ஒருவர், படிக்காதவர்களெல்லாம் எதற்குக் கடன் வாங்க வருகிறார்கள் என்று முணுமுணுத்தார். அவள் திரும்பினாள். "பத்தாவது பாஸுண்ணே, மூணு தடவ எழுதி. நீங்க ஒரே தடவதான எழுதியிருப்பீக?" என்று சொல்லிவிட்டுப் பையனைப் பார்த்து, "வாசிங்க தம்பி" என்றாள்.

அவன் முதல் வரியிலிருந்து வாசித்தான், வரிசை முழுவதும் காத்திருந்தது. தனக்கு வேண்டியதைக் கூசாமல் கேட்பதுதான் ஒரு பிள்ளை பள்ளியில் கற்க வேண்டிய முதல் பாடம் என்று அன்று எனக்குப் பட்டது; அதை நடத்தச் சொல்லி எந்த விதியும் இல்லை, ஆனால் தடுக்கவும் எந்த விதியும் இல்லை.